சிரித்தால்தான் நகரும் ஜட்கா

திண்டிவனத்தில் என் பொறுமையைச் சோதித்தவர்களை வரிசையாக நிறுத்தினால் கடைவீதியிலிருந்து ரயிலடி வரை நிற்பார்கள். அத்தனை பேருக்கும் தலைவர், 'சிரிங்க சார்' என்று ஊரே அழைத்த ஜட்கா வண்டிக்காரர். அவருடைய சொந்தப் பெயர் குதிரைக்காவது தெரியுமோ என்னவோ.

ஐம்பதுகளின் கடைசி. எங்கள் தெருவுக்கு அவர் வண்டி ஒன்றுதான் கதி. வேலை தேடி விழுப்புரம் போக வாரம் ஒருமுறை ஏறுவேன். ஏறினால் வண்டி கிளம்பும் என்றுதானே நினைப்போம்? அவர் திரும்பி நம் முகத்தைப் பார்ப்பார்.

"கோவமா இருக்கிறீங்க சார். கொஞ்சம் சிரிங்க."

"யோவ், ரயிலுக்கு நேரமாச்சுய்யா! ஜல்தியா ஓட்டு!"

"நான் ஓட்டுவேன் சார், அது ஓடணுமே. குதிரை கூட்டமா வாழ்ற ஜீவன். அதுல ஒண்ணு பதறினா எல்லாம் பதறும். இப்ப இதுக்கு ஏது கூட்டம்? நீங்களும் நானுந்தான்."

எனக்கு எரிச்சல் ஏறும். குதிரையின் காது பின்னால் மடங்கும். "பாத்தீங்களா?" என்பார். சாட்டை என்று ஒன்று மருந்துக்கும் கிடையாது.

ஒருமுறை மண்டிக்காரர் ஒருவர் வண்டியில் கத்த, குதிரை நடுவீதியில் நின்றுவிட்டது. நம் ஆள் மடியிலிருந்து வறுத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, எடுத்து, "மென்னுக்கினு வாங்க மொதலாளி. வாய் மென்னா கோவம் வராது" என்று நீட்டினார். பக்கத்து ஒலக்கூரில் சாவு வீட்டுக்குப் போன ஒரு தம்பதியைக்கூட இப்படித்தான் வழியெல்லாம் சிரிக்க வைத்தார். பல்லைக் காட்டிக்கொண்டு இழவு வீட்டில் இறங்கியவர்களோடு பங்காளிகள் இரண்டு வருஷம் பேசவில்லை.

இந்த மனுஷனிடம்தான் என் பிழைப்பும் மாட்டிக்கொண்டது. மூன்று வருஷம் அலைந்ததற்கு முதன்முதலாக ஒரு ஆபீசிலிருந்து இன்டர்வியூவுக்குக் கடிதம் வந்தது. தெரு முழுக்கத் தெரியும். அன்றைக்கென்று அடைமழை. நடந்தால் சர்டிபிகேட்டெல்லாம் கூழாகிவிடும். ஏறும்போதே முன்ஜாக்கிரதையாக ஈயென்று இளித்தேன்.

குதிரை அசையவில்லை.

"சிரிச்சுக்கினுதானேய்யா இருக்கேன்! இன்னும் இன்னா பேஜாரு?"

அவர் திரும்பவே இல்லை. எட்டிப் பார்த்தேன். லகானைப் பிடித்திருந்த கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"தப்பு உங்க மேல இல்ல சார். எனக்குத்தான் பயமா இருக்குது. இதுவும் உங்களுக்குத் தட்டிப்போயிடுமோன்னு தூக்கமே இல்ல. அது குதிரைக்குத் தெரிஞ்சுபோச்சு."

தலையில் அடித்துக்கொண்டேன். தூரத்தில் ரயில் ஊதியது. அவர் மடியில் கைவிட்டு மல்லாட்டையை எடுத்து அவர் வாயிலேயே திணித்தேன்.

"மெல்லுய்யா! சிரி! உன் கால்ல விழறேன், கொஞ்சம் சிரிய்யா!"

மென்றுகொண்டே, கண்ணில் நீர் வழிய, சிரித்தார். அதைப் பார்த்து எனக்கும் நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. குதிரை காதை நிமிர்த்திக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

நகர்ந்துவிட்ட ரயிலில் கடைசிப் பெட்டியைத் தொற்றினேன். வேலை கிடைத்தது.

அதற்கப்புறம் எத்தனையோ இன்டர்வியூக்களுக்கு எத்தனையோ வண்டிகளில் போயிருக்கிறேன். எல்லாம் ஏறியவுடன் கிளம்பின. எனக்காகக் கை நடுங்கியவர் அவர் ஒருவர்தான்.