ஓதிக் கொடுத்த பென்சில்

கைசேரி,
ஞாயிறு காலை

அன்புத் தங்கை பெரிஹாவுக்கு,

நெரிமான் அக்காவின் சலாம். மெர்சினில் நீயும் மாப்பிள்ளையும் சுகமா? இங்கே நானும் உன் மகள் நெஹிரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அவள் எதிரே உள்ள பள்ளியில் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு எழுதுகிறாள், நான் வாசலுக்கு எதிரே தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ கத்துவாய், அதனால்தான் கடிதம்.

மூன்று தவறான விடை ஒரு சரியான விடையைத் தின்றுவிடும் என்கிற விதி உனக்குத் தெரியும். அந்தப் பயம் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது. மாதிரித் தேர்வுகளில் தெரிந்த கேள்விக்குக்கூட வட்டத்தை நிரப்பாமல் விட்டாள். உதாரணம் சொன்னால் தெளிவாள் என்று, "மூணு ஆடு நுழைஞ்சா ஒரு முட்டைக்கோஸ் போகும். அதுக்காகத் தோட்டமே போடாம இருப்பாங்களா?" என்றேன். அதிலிருந்து ஆட்டைக் கண்டாலும் பயம். போன வாரம் காலை உணவில், "ரோஜா ஜாமா, செர்ரி ஜாமா?" என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்து, "பெரியம்மா, இதை நிரப்பாம விட்டுடலாமா?" என்றவள் வெறும் ரொட்டியைத் தின்றாள். இப்படிப்பட்டவளுக்கு அறிவியல் பள்ளியில் இடம் உண்டா இல்லையா என்பது இந்த ஒரு காலையில் இருக்கிறது.

இன்று பக்கத்து வீட்டு மக்பூலே அக்காவும் கூட வந்தார். வாசலில் காவலர், பென்சில் பெட்டி உள்ளே கூடாது என்றார். பெட்டியை வாங்கி என் பையில் போட்டேன், பென்சில்களை எடுத்துக் கொடுக்கலாம் என்று. அதற்குள் மக்பூலே அக்கா ஒரு பென்சிலை அவள் கையில் திணித்தார். "என் வீட்டுக்காரர் இதாலதான் கட்டட வரைபடம் போடுவாரு, கண்ணு. ஒரு கோடு தப்பினதில்ல. தர்காவுல வெச்சு ஓதிட்டு வந்திருக்கேன்." நெஹிர் அழுதாள், நான் அழுதேன், கதவு மூடியது. அதன்பிறகுதான் பையைத் திறந்தேன். மென்மையான கருப்புப் பென்சில்கள் எல்லாம் என்னிடமே இருந்தன! வரைபடப் பென்சிலோ ஊசி மாதிரி கடினமானது. அது தாளில் போடுவது கோடல்ல, கோட்டின் நிழல். விடைத்தாளைத் திருத்தும் இயந்திரம் அதை வெற்றுத் தாள் என்றே எடுத்துக்கொள்ளும்.

ஓடினேன். "தம்பி, இதை மட்டும் உள்ள குடுத்துடுப்பா."

"பேப்பர் குடுத்தாச்சு டீச்சர். இனி எங்கம்மாவே வந்தாலும் விட முடியாது."

"ஏன் பதறுறீங்க?" என்றார் மக்பூலே அக்கா. "அது ஓதின பென்சிலு!"

"மெஷின் ஓதுனதைப் பார்க்காது அக்கா, கருப்பைத்தான் பார்க்கும்."

"மெஷினுக்கும் சேர்த்துத்தான் ஓதியிருக்கேன்."

கையைத் தூக்கிக் கேட்டால் கண்காணிப்பாளர் வேறு பென்சில் கொடுப்பார். ஆனால் ஜாம் கேட்கவே பயப்படுகிறவள், அத்தனை பேர் நடுவில் கையைத் தூக்குவாளா? டீச்சராகக் காலமெல்லாம் பிள்ளைகளுக்குப் பதறாதே, பதறாதே என்று சொன்ன நான், ஆறிய தேநீரில் ஐந்தாவது சர்க்கரைக் கட்டியைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருக்கிறேன். உன் பிள்ளையின் எதிர்காலத்தைக் கைப்பையில் போட்டு மூடிவிட்டேன், பெரிஹா. என்னை மன்னிக்க வேண்டாம். அவளைத் திட்டாமல் இருந்தால் போதும்.

மாப்பிள்ளைக்கு என் சலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும், எனக்கு இந்தக் காலையைத் தாண்டுமளவு தந்தால் போதும்.

உன் அக்கா,
நெரிமான்

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் உண்மை, ஆனால் எதையும் நம்பாதே. நெஹிர் விரலெல்லாம் கரியாக வெளியே வந்தாள். "அந்தப் பென்சில் எழுதவே இல்ல பெரியம்மா. கையைத் தூக்கிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க."

"ஐயோ, அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் ஆகல. வேற பென்சில் குடுத்தாங்க. சரி, இதுக்கு மேல என்ன ஆயிடப் போகுதுன்னு ஒண்ணுகூட விடாம நிரப்பிட்டேன்."

ஒன்றுகூட விடாமலா! எத்தனை ஆடு நுழைந்ததோ என்று எனக்கு மறுபடி பதற்றம். "நான் ஓதினது வீண் போகல பார்த்தீங்களா?" என்றார் மக்பூலே அக்கா. பேச்சை மாற்ற ஐஸ்கிரீம் வண்டிக்குக் கூட்டிப்போனேன்.

"எலுமிச்சையா, செர்ரியாம்மா?" என்று கடைக்காரர் கேட்டார்.

நெஹிர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "ரெண்டும்."