யூஸ்டஸ் என்னும் மூலாதாரம்

ஐரோப்பிய வரலாறு அறியாமல் மட்டக்களப்பு வாவியில் இனி ஒரு மீன்கூடத் துள்ளக்கூடாது என்று மேலிடம் தீர்மானித்தது. ஆகவே புளியந்தீவில் ஆய்வுத்திறன் மேம்பாட்டுப் பிரிவு உதயமானது. அதன் உத்தியோகத்தர் வினாயகமூர்த்தி. போர்த்துக்கேயர் கப்பலேறிய காலத்து ஐரோப்பாவை உயர்தர மாணவர் ஒவ்வொருவரும் ஆராய்ந்து கட்டுரை எழுத வேண்டும், அந்தக் காலத்திலிருந்தே வந்த முதல்நிலை மூலாதாரம் ஒன்றை வெள்ளிக்கிழமை நேரில் சமர்ப்பிக்க வேண்டும் என்பது அவரது சுற்றறிக்கை.

அந்த மாணவரில் ஒருவனான டரல் எவர் குரலிலும் பேசுவான். எழுதச் சொன்னால்தான் கை நோகும். வெள்ளிக்கிழமை அவன் கூட்டிப்போனது தன் தகப்பன் யூஸ்டஸை. "ஒரு கையெழுத்துத்தான் டடா, அஞ்சு நிமிசம்."

"சேர், இவர் போர்த்துக்கேயர் வழி. இண்டைக்கும் அந்தப் பாஷையிலதான் ஏசுவார்" என்றான் வினாயகமூர்த்தியிடம்.

"எங்க, கொஞ்சம் ஏசச் சொல்லும்."

விஷயம் விளங்கியதும் யூஸ்டஸ் கேளாமலே ஏசினார். வினாயகமூர்த்தி கண்ணை மூடிக் கேட்டு, "அசல்" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் விதிப்படி நடந்தது. மூலாதாரத்தின் கழுத்தில் இலக்கம் தொங்கியது. வெயில் படக்கூடாதென்று திரை மூடப்பட்டது. பக்கத்தில் ஈரம் இருக்கலாகாதென்று அவர் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையும் பறிபோனது.

"சேர், நாலு மணிக்கு கல்லடியில எண்ட மகள்ட கலியாணம். வயலின் வாசிக்கிற ஆள் நான்தான்."

"மூலாதாரம் பேசலாம். வெளியேறக்கூடாது."

மூலாதாரத்தை ஆராய, கையுறை மாட்டிய மாணவர் வரிசையில் நின்றார்கள். முதலாவது கேதீஸ்வரி.

"மறுமலர்ச்சி நடக்கக்குள்ள நீங்க எங்க இரிந்த?"

"எனக்கென்ன தெரியும் புள்ள? நான் தச்சுவேலையில இரிந்திருப்பன்."

'மறுமலர்ச்சியின்போது தச்சுத்தொழில் செழித்தது' என்று அவள் எழுதினாள். டரல் வாயைப் பொத்திக்கொண்டு விறாந்தைக்கு ஓடினான். சிரித்து முடிக்குமுன் கைபேசி அடித்தது. அக்கா மெலிண்டா. மணப்பெண்.

"டடா எங்கடா? அவர்ர வயலின் இல்லாம நான் ஆடமாட்டன். கோயிலுக்கும் வரமாட்டன். இப்பிடியே இரிக்கன்."

மணி மூன்று தாண்டிவிட்டது. டரல் தூண் மறைவில் நின்று, வினாயகமூர்த்தியின் மேலதிகாரியுடைய அடித்தொண்டைக் குரலை எடுத்து அலுவலகத்துக்கு அழைப்பெடுத்தான்.

"வினாயகமூர்த்தி, அந்த மூலாதாரத்தை உடனடியாகக் கல்லடிக்கு அனுப்பும். கண்காட்சி."

உள்ளே கதிரை தள்ளப்படும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து நிற்கிறார். "உத்தரவு சேர். ஆனா அசல் வெளிய போறதெண்டா உறுதிப்படுத்தின பிரதியொண்டு இங்க இரிக்கணும்."

"பிரதிதானே? ஒன்றை வைத்துக்கொள்ளும் ஓய்."

காரியம் முடிந்த மிதப்பில் டரல் உள்ளே வந்தான். வினாயகமூர்த்தி தகப்பனைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். அதே மூக்கு, அதே நாடி. டரலின் புறங்கையைப் பிடித்து 'உண்மைப்பிரதி' என்று முத்திரை குத்தினார்.

"சேர், அக்காட கலியாணம்…"

"பிரதி பேசலாம். வெளியேறக்கூடாது."

யூஸ்டஸ் கழுத்திலிருந்த இலக்கத்தைக் கழற்றி மகனுக்கு மாட்டினார். "அஞ்சு நிமிசம்தான் மனே" என்றார். வாசலில் திரும்பி, "சேர், பிரதிக்கும் தேத்தண்ணி ஆகாது. குடுத்திராதீங்க."

கல்லடியில் யூஸ்டஸ் வயலின் வாசித்த நேரம் முழுக்க, இருட்டறையில் டரல் ஒவ்வொரு அரசனின் குரலிலும் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான். வரிசையில் நின்ற எல்லாரும் எழுதினார்கள், எல்லாரும் அதிவிசேட சித்தி. டரல் மட்டும் சித்தியில்லை. ஆவணம் தன்னைப் பற்றித் தானே கட்டுரை எழுத விதியில்லையாம்.

வருகிற வருடம் மறுபடி எழுத வேண்டும். அதற்கு மேலிடம் வழிகாட்டி நூலொன்றும் அச்சிட்டிருக்கிறது. தான் உளறியதையெல்லாம் இப்போது டரல் அதிலிருந்து பாடமாக்கிக்கொண்டிருக்கிறான்.