களத்தில் ஒரு கப்பல் அறை

பதற்றம் வந்தால் சிலர் நகம் கடிப்பார்கள். சிலர் சுத்தமாக இருக்கிற வீட்டையே மறுபடி பெருக்குவார்கள். எனக்குப் பதற்றம் வந்தால் அட்டவணை போடுவேன். பார்க்கிறவர்களுக்கு நான் நிதானமான பெண்ணாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். முகம் அசையாது. கை மட்டும் எதையாவது மூன்று பத்தியாகப் பிரித்து மதிப்பெண் போட்டுக்கொண்டே இருக்கும்.

அந்த வருஷம் நான் மதிப்பெண் போட்டது கப்பல்களுக்கு.

அப்பாவுக்கு அறுபது முடிந்தது. திருக்கடையூர் போய் மாலை மாற்றி, உறவுக்கெல்லாம் சாப்பாடு போட்டுத் திரும்பியபின், "இனிமே உங்க ரெண்டு பேருக்குன்னு என்ன வேணும்?" என்று கேட்டேன். அப்பா, "உளுந்து நல்லா காய்ச்சா போதும்" என்றார். அம்மா கொஞ்சம்கூட யோசிக்காமல், "கப்பல்ல போகணும்" என்றாள்.

அம்மா கீழ்வேளூர்க்காரி. சின்ன வயதில் நாகப்பட்டினம் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் தூரத்தில் நிற்கிற கப்பலைக் காட்டி, "அதுல கூட்டிட்டுப் போங்க" என்று கேட்டிருக்கிறாள். கூட்டிப்போக யாரும் இல்லை. பிறகு திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்குக் கல்யாணமாகி வந்துவிட்டாள். இங்கே ஆறு உண்டு, வாய்க்கால் உண்டு, வயல் நிறையத் தண்ணீர் உண்டு. எதிலும் கப்பல் வராது.

சென்னையிலிருந்து கிளம்பி, கடலைச் சுற்றிவிட்டு, மறுபடி சென்னைக்கே வந்து நிற்கும் சுற்றுலாக் கப்பல்கள் மூன்று நிறுவனங்களிடம் இருந்தன. ("கெளம்புன எடத்துக்கே வர்றதுக்கு எதுக்குப் போகணும்?" - அப்பா.) ஆற்றில் தண்ணீர் விடுவதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்பது அப்பாவின் நிபந்தனை. அந்தக் கணக்குப்படி முன்பதிவுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன், வீட்டிலிருந்தே வேலை. ஒரு பொருளை ஜனங்கள் எப்படியெல்லாம் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்று முன்கூட்டியே யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிப் பெயர்கள் அம்மா வாயில் நுழையவில்லை. விளம்பரப் படத்தின் நிறத்தை வைத்து நீலக் கப்பல், வெள்ளைக் கப்பல், சிவப்புக் கப்பல் என்று அவளே பெயர் வைத்துவிட்டாள். நீலக் கப்பலில் அறை பெரிது, ஆனால் திறக்க முடியாத வட்டக் கண்ணாடி ஜன்னல். வெள்ளைக் கப்பலில் அறை சின்னது, ஆனால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடலைப் பார்க்க ஒரு பால்கனி. சிவப்புக் கப்பலில் அறைக்கு ஜன்னலே கிடையாது. அதற்கு ஈடாக எந்நேரமும் சாப்பாடு, நீச்சல் குளம், பாட்டுக் கச்சேரி, ஆட்டம்.

சாப்பாட்டுப் பத்தியிலேயே அப்பா தகராறு செய்தார்.

"பந்தி எத்தனை மணிக்குப் போடுவான்?"

"பந்தி இல்லப்பா. தட்டை எடுத்துக்கிட்டு நாமளே போய் வேணுங்கிறதை எடுத்துக்கணும்."

"ஏன், பரிமாற ஆளு இல்லையா? அவ்வளவு பெரிய கப்பலை வாங்குனவன் ரெண்டு ஆளைப் போட மாட்டானா?"

அறைப் பத்தியில் இன்னும் மோசம். எங்கள் பக்கம் நிலத்தை மா, குழி என்றுதான் அளப்பார்கள். குழி என்றால் பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி. அறையின் அளவை நான் சதுர அடியில் சொல்ல, அப்பா மனசுக்குள் மாற்றிப் பார்த்துவிட்டு அதிர்ந்துபோனார்.

"ஒரு குழிக்குக் கொஞ்சம் கூட. அதுல ரெண்டு பேரா? நாத்தங்காலே அதைவிடப் பெருசும்மா."

"ரெண்டு கட்டில், அலமாரி, குளியலறை எல்லாம் அதுக்குள்ளயே வந்துடும்ப்பா."

"படுத்துப் பாக்காம நான் எதுக்கும் ஒத்துக்க மாட்டேன். போட்டுக் காமி."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அப்பா நழுவப் பார்க்கிறார் என்று இரண்டு பேருக்கும் புரிந்தது. சரி, போட்டே காட்டிவிடுவோம் என்று முடிவெடுத்தேன். இடத்துக்கா பஞ்சம்? வீட்டுக்குப் பக்கத்திலேயே சிமெண்ட் போட்ட களம். சம்பா அறுப்பு முடிந்து, வைக்கோலும் போய், வெறிச்சென்று கிடந்தது.

இங்கே களத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். களத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் சித்தப்பா வீடு. அப்பாவும் சித்தப்பாவும் நிலத்தைப் பாகம் பிரித்துவிட்டார்கள், தோப்பைப் பிரித்துவிட்டார்கள், பம்புசெட்டுக்கு முறை வைத்துக்கொண்டார்கள். களம் மட்டும் பொது. அதைப் பிரிக்கலாமா என்று யாராவது விளையாட்டுக்குக் கேட்டால்கூட இரண்டு பேர் முகமும் சுண்டிவிடும். அது ஒன்றிலாவது அண்ணன் தம்பியாக இருக்கிறோம் என்று அவர்களுக்குள் ஓர் எண்ணம்.

சனிக்கிழமை காலை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள், அப்பா வயலில். பொங்கல் விளையாட்டுப் போட்டிக்குக் கோடு போட வாங்கிய சுண்ணாம்புத் தூள் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அளவு டேப்பை எடுத்துக்கொண்டு, மூலைக்கு ஒரு செங்கல் வைத்து, நைலான் கயிற்றை இழுத்துக் கட்டி, களத்தில் மூன்று அறை வரைந்தேன். கோடு ஒவ்வொன்றும் நேராக வந்தது. கதவுக்கு இடைவெளி விட்டேன். பால்கனியைக் கோலமாவால் தனியாகக் காட்டினேன். அப்படி ஒரு திருப்தி.

சித்தப்பா வண்டியை நிறுத்தியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"என்ன பாப்பா, அளவெல்லாம்?"

நான் கப்பலைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் டிக்கெட் கைக்கு வரும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது, கண் படும் என்று அம்மா ஏற்கெனவே சத்தியம் வாங்கியிருந்தாள். எனக்குப் பொய் சொல்ல வராது. அதனால் கேட்டதற்கு மட்டும், உண்மையை மட்டும் பதிலாகச் சொன்னேன்.

"அப்பா போட்டுக் காட்டச் சொன்னாங்க சித்தப்பா."

"அண்ணனா?"

"ஆமா. நாளைக்குள்ள முடிவு பண்ணியாகணும். விட்டா வேற ஆளு எடுத்துக்குவாங்க."

"எவன் எடுத்துக்குவான்?"

"யாரு வேணா. வெளியூர்க்காரங்கதான் நெறைய பேரு கேக்குறாங்களாம்."

சித்தப்பா குனிந்து செங்கல்லைப் பார்த்தார். "அண்ணிக்குத் தெரியுமா?"

"கேட்டதே அம்மாதான்."

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அப்பாடா, ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நான் என்னையே மெச்சிக்கொண்டேன். (நினைத்தால் இப்போதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.)

வெயில் தாழ்ந்ததும் சோதனை ஆரம்பமானது. நீலக் கப்பலில் அப்பா பாயை விரித்துப் படுத்தார், புரண்டார், எழுந்து "குளியலறைக்கு"ப் போய்ப் பார்த்தார், கைகால் இடிக்கிறதா என்று சோதித்தார். சிவப்புக் கப்பலுக்குள் நுழைந்ததும், "ஜன்னல் இல்லாம மூச்சு முட்டுது" என்று திறந்தவெளியில் நின்றுகொண்டு சட்டைப் பொத்தானைக் கழற்றினார். வெள்ளைக் கப்பல் அவருக்குப் பிடித்துவிட்டது என்று படுத்த விதத்திலேயே தெரிந்தது. ஒரு காலை மடக்கி, கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைக் கோலமாவுக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு, எங்கள் வைக்கோல்போர் மிச்சத்தைக் கடலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் செல்பேசியை எடுத்தேன். அப்பா சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதிவு செய்துவிடலாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் சித்தப்பா வந்தார். பின்னாலேயே சித்தி. அவர்களுக்குப் பின்னால், கையில் பெரிய டேப்போடு எங்கள் ஊர் ஓய்வுபெற்ற சர்வேயர்.

"அண்ணே!" என்று சித்தப்பா போட்ட சத்தத்தில் தென்னை மரத்துக் காக்கை பறந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேனே! வெளியூர்க்காரனுக்கு விக்கிற அளவுக்கு வந்துட்டீங்களா?"

சொல்லிக்கொண்டே அவர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். அப்பா ஒரேயடியாகப் பதறி எழுந்து உட்கார்ந்தார். கப்பல் அறைக்குள் அவர் அவ்வளவு ஆழமாகப் போயிருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"டேய், அது சுவருடா! கதவு அந்தப் பக்கம்!"

"பாத்தியா, பாத்தியா!" சித்தப்பா சித்தியிடம் திரும்பினார். "சுவரே எழுப்பியாச்சாம்!"

சர்வேயர் இதையெல்லாம் காதில் வாங்காமல் குனிந்து அளந்துகொண்டிருந்தார். "ஒரு குழிக்கு மேல கொஞ்சம்தாங்க வருது," என்றார் வருத்தமாக. "இதுக்குப் பட்டா மாத்தி என்னங்க பண்ணப்போறீங்க? நாலு மூட்டை உளுந்து அடுக்குனா ஆளு நிக்க எடம் இருக்காது."

இனிமேலும் சத்தியத்தைக் காப்பாற்ற முடியாது. "சித்தப்பா, இது கப்பல்" என்றேன்.

"எது?"

"இதுதான். அப்பா இருக்கிறது படுக்கை. நீங்க நிக்கிறது குளியலறை."

சித்தப்பா சட்டென்று காலை எடுத்துக்கொண்டார். நான் அட்டவணையை விளக்கினேன். நீலம், வெள்ளை, சிவப்பு, சாப்பாடு, கச்சேரி, நீச்சல் குளம், ஞாயிற்றுக்கிழமைக் கெடு. முடித்ததும் அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் முன்னைவிடக் கறுத்துவிட்டது.

"களத்தைப் பிரிச்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்ண்ணே. கப்பல்ல போறீங்க, என்கிட்ட மறைச்சிருக்கீங்க."

"நீ மட்டும் என்ன?" இப்போது அப்பாவுக்கு ஏறிவிட்டது. "என்னைக் கேக்காம சர்வேயரைக் கூட்டிட்டு வந்து நிக்கிற! இத்தனை வருஷத்துல என்னை இவ்வளவுதான் புரிஞ்சு வச்சிருக்கியா? பாப்பா, எல்லாத்தையும் அழிச்சிடு. கப்பலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

சொன்ன வேலையை உடனே செய்வது என் இன்னொரு பழக்கம். துடைப்பத்தை எடுத்துவந்து நீலக் கப்பலை அழித்தேன். சிவப்பை அழித்தேன். துடைப்பம் சிமெண்டில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளைக் கப்பலில் படுக்கையை அழித்து, கதவை அழித்து, பால்கனிக்கு வந்தேன். அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இதை மட்டும் விடுடி."

பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள். அவள் குரல் உயரவே இல்லை. "தம்பி, களம் முழுசையும் நீங்களே எழுதி வாங்கிக்குங்க. எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க, போடுறேன். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு நான் ஒரே ஒரு தடவை போய்ட்டு வரணும். அவ்வளவுதான் கேக்குறேன்."

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார், கோலமாவுக் கோட்டைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார். கடைசியில் கோட்டுக்கு வெளியே, ஜாக்கிரதையாக, சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தப் பால்கனி மூணு கப்பல்லயும் உண்டா அண்ணி?"

"வெள்ளையில மட்டும்தான் தம்பி."

சித்தி அதற்காகவே காத்திருந்ததுபோல், "நம்மளையும் சேத்துக்குவாங்களான்னு கேளுங்களேன்" என்றாள்.

சேர்த்துக்கொண்டோம். அதுதான் அடுத்த விபத்து. சித்தப்பா எதையும் அண்ணன் சொன்னார் என்பதற்காக ஏற்றுக்கொள்கிறவர் இல்லை, அவரும் படுத்துப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூராவும் நான் அழித்த கப்பல்களைத் திரும்ப வரைந்துகொண்டிருந்தேன். சர்வேயர் வேறு, வந்ததற்கு உதவியாக, என் அளவுகளைச் சரிபார்த்தார். நால்வரும் ஒருவழியாக வெள்ளைக் கப்பல் என்று ஒத்துக்கொண்டு நான் செல்பேசியைத் திறந்தபோது, பால்கனி அறை எல்லாம் தீர்ந்திருந்தது. நீலமும் தீர்ந்திருந்தது. அறைக்கு நான் ஆகக் குறைந்த மதிப்பெண் போட்டிருந்த சிவப்புக் கப்பலில்தான் இடம் இருந்தது. ஜன்னலே இல்லாத அந்த அறைகள்! எல்லாரையும் பார்த்துக்கொள்ள என்று எனக்கும் சேர்த்து மூன்று அறை பதிவு செய்தேன்.

கப்பலில் ஏறும்வரை அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் அவள் அந்த அறைக்குள் தூங்குவதற்குத் தவிரப் போகவே இல்லை. மேல்தளத்தில் கம்பியோரமாக ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவும் சித்தப்பாவும் தட்டை ஏந்திக்கொண்டு ஒரே வரிசையில் நின்று, பரிமாற ஆள் வைக்காதவனைச் சேர்ந்து திட்டினார்கள். கச்சேரியில் சித்தி ஆடினாள். நான் ஒவ்வொரு தளமாக ஏறி இறங்கி, விளம்பரத்தில் சொன்னதெல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தேன். (சும்மா இருக்க வராதே.) நடுவில் ஒருமுறை அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எந்தப் பக்கமும் கரை தெரியல, பாத்தியா?"

"நாளைக் காலையில தெரிஞ்சிடும்மா."

"அதுக்குள்ள என்னடி அவசரம்?" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு அதன்பிறகு எதையும் சரிபார்க்கவில்லை.

ஊர் இதை விடவில்லை. எங்கள் பக்கத்தில் யார் வயலிலாவது சர்வேயர் டேப்பை விரித்தால் போதும், டீக்கடையிலிருந்து ஒரு குரல் வரும்: "எந்த ஊருக்குங்க கப்பல்?" எல்லை தெரியாமல் முறைத்துக்கொண்டு நிற்கிற பங்காளிகளே சிரித்துவிடுகிறார்கள். அவருடைய உண்மையான பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. கல்யாணப் பத்திரிகை உறையிலேயே "கப்பல் சர்வேயர் அவர்களுக்கு" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மனிதர் என்னைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

போன வாரம் அவரே வீட்டுக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா, அதுல ரெண்டு பேருக்கு எடம் இருக்கான்னு கொஞ்சம் பாரேன். எப்படியும் பேரு வந்துடுச்சு. வீட்ல அவ, பேரை வச்சுக்கிட்டு ஒரு தடவையாவது ஏறிட்டு வந்தா என்னன்னு கேக்குறா."

மடிக்கணினியைத் திறந்தேன். நான் அட்டவணையை ஆரம்பிப்பதற்குள் அவர் பையிலிருந்து டேப்பை எடுத்துவிட்டார்.

"களம் காலியாத்தானே இருக்கு?"