சூடு ஆறாத பன்னிரண்டு முட்டைகள்

கோழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் குழம்பு, வறுவல், அறுபத்தைந்து. இவ்வளவுதான். இந்த அறிவை வைத்துக்கொண்டு இருபது நாட்டுக்கோழிகளுக்கும் ஒரு சேவலுக்கும் நான் முதலாளி ஆனேன் என்றால், என் தைரியத்தை நீங்கள் பாராட்டத்தான் வேண்டும். (என் மாமியார் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார். அதை இங்கே எழுத முடியாது.)

நான் பிறந்து வளர்ந்தது குன்றத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். வாக்கப்பட்டது வல்லம் வடகால் பக்கத்தில் ஒரு கிராமத்தில். காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். லைனில் என்னைக் கண்டாலே பிள்ளைகளுக்கு உதறும். ஒரு கிளிப் கோணலாக இருந்தாலும் ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவேன். குழந்தை பிறந்து வேலையை விட்ட பிறகு, ஸ்டிக்கர் ஒட்ட ஆளில்லாமல் கை அரித்தது. அந்த நேரம் பார்த்து, கோழி வளர்த்துக் கோடீஸ்வரர் ஆன யாரோ ஒருவரின் வீடியோ போனில் வந்தது. அடுத்த வாரமே, கம்பெனிகள் கழித்துப்போடும் மரப் பேலட்டுகளை வாங்கி வந்து என் கணவர் சேகர் கொல்லையில் கூண்டு அடித்துக்கொண்டிருந்தார்.

கோழிகள் வஞ்சனையில்லாமல் முட்டை போட்டன. வாங்கத்தான் ஆளில்லை. கம்பெனி கேட் எதிரில் இருந்த டீக்கடை மாஸ்டர் முட்டையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, இந்த சைஸில் ஒரு ஆம்லெட்டுக்கு ரெண்டு உடைக்கணும் என்று திருப்பிக் கொடுத்தார். ஹாஸ்டல் மெஸ்ஸில், லாரியில் அட்டை அட்டையாக வந்து இறங்கும் பண்ணை முட்டைகளைக் கைகாட்டினார்கள். ஷிஃப்ட் விடும் நேரத்தில் என் பழைய கம்பெனி வாசலில் நின்று பார்த்தேன். தோழிகள் எல்லாரும் பாசமாக நலம் விசாரித்தார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் முட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர முடியாது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்கள்.

ஆக, நாங்களே சாப்பிட்டோம். முட்டை தோசை, முட்டைப் பொரியல், முட்டைக் குழம்பு. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த சேகர் ஒருநாள், சும்மா ரசம் சாதம் மட்டும் கிடைக்குமா என்று கெஞ்சலாகக் கேட்டார்.

அதோடு அத்தை ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். என் நாத்தனார் மகளுக்கு வைகாசியில் காதுகுத்து. விருந்துக்கு நாட்டுக்கோழிக் குழம்பு வைப்பதாகப் பேச்சு.

"தபாரு, ஞாயித்துக்கெழமைக்குள்ள முட்டைக்கு ஆளு புடிச்சின்னா கோழி உன்னுது. இல்லாங்காட்டி அல்லாத்தையும் சட்டியில போட்டுடுவேன்" என்றார்.

அவர் சொன்னால் செய்கிறவர். நானோ அதற்குள் எல்லாக் கோழிக்கும் பெயர் வைத்திருந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வருகிற ஒன்றை இலையில் எப்படிப் பார்ப்பது? அன்று ராத்திரி உண்மையாகவே அழுதேன்.

கடைசி நம்பிக்கை, ஒரகடத்தில் புதிதாகக் கட்டிய ஃபிளாட்ஸ். அசோசியேஷன் செயலாளர் ராகவன் சார், பிரேக் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி ஹெட். அந்த வார்த்தையைக் கேட்டதும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. அவர் முட்டையை வாங்கி, நனைத்த கைக்குட்டையால் தேய்த்து, கைக்குட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளை முட்டையை டீத்தண்ணீரில் முக்கி, நாட்டு முட்டை என்று யாரோ அவர் தலையில் ஏற்கெனவே கட்டியிருக்கிறார்கள். (எத்தனை ஒயரை நான் ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்? அந்தப் பாவமெல்லாம் சும்மா விடுமா?)

"கறை வரலை, சரி. ஆனா அசல்தான்னு எப்படிம்மா நம்புறது?" என்றார்.

ஞாயிறு காலை மீட்டிங்குக்குக் கொண்டு வரச் சொன்னார். எல்லாரும் சாப்பிட்டுப் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் வாராவாரம் ஆர்டர். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே. அன்றைக்குப் போட்ட முட்டையாகப் பார்த்து, சூடு ஆறாமல் கொண்டு வருகிறேன் என்று சவால் விட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிறு விடிந்தது. கத்திரி வெயிலில் கோழிகள் முட்டையைக் குறைத்துவிட்டிருந்தன. கூண்டில் நாலே நாலு. தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, மிச்சப் பேலட்டுகளை அடுக்கி வைத்திருந்த மூலையிலிருந்து கருப்பி வெளியே வந்தாள். சில வாரங்களாகவே அவள் போக்கு சரியில்லை. நாளுக்கு ஒரு தடவை வந்து, உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, அவசரமாக நாலு வாய் கொத்திவிட்டு மறைந்துவிடுவாள். என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்து நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அன்று அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து பேலட் இடுக்கில் கையை விட்டேன். வைக்கோலுக்கு நடுவில் பன்னிரண்டு முட்டைகள். பன்னிரண்டும் கதகதவென்று இருந்தன.

கோழி வளர்த்த யாருக்கும் இந்த இடத்தில் விஷயம் புரிந்திருக்கும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பன்னிரண்டையும் கருப்பி அன்று காலையில்தான் போட்டிருக்கிறாள் என்று தோன்றியது. ஒரே கோழி, ஒரே காலையில், ஒரு டஜன். அவள் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

சூடு ஆறக்கூடாதே என்று, கல்யாணத்துக்குப் பரிசாக வந்த ஹாட்பேக்கை எடுத்தேன். துணி விரித்து, பன்னிரண்டையும் பதமாக அடுக்கி, ரப்பர் போன மூடியால் மூடினேன். கூண்டு முட்டை நாலும் தனியாகப் பையில். ஸ்கூட்டியில் ஒரகடம் பறந்தேன்.

மீட்டிங் ஹாலில் இண்டக்‌ஷன் ஸ்டவ், தோசைக்கல், மிளகுத்தூள் எல்லாம் தயாராக இருந்தது. தொட்டுப் பாருங்கள், இன்னும் சூடு ஆறவில்லை என்று பெருமையாக ஹாட்பேக்கை மேஜையில் வைத்தேன். ராகவன் சார் ஒரு முட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, போலி முட்டைகளைப் பற்றி விளக்கம் கொடுக்க ஆரம்பித்தார். நடுவில் 'கீச்' என்று ஒரு சத்தம். போனை சைலண்டில் போடுங்கள் என்றார். மறுபடியும் கீச். எல்லாரும் அவரவர் போனை எடுத்துப் பார்த்தார்கள். சார் மெதுவாகக் கையில் இருந்த முட்டையைக் காதருகே கொண்டுபோனார். பிறகு திருப்பிப் பார்த்தார். ஓட்டில் சின்னதாக ஒரு துளை. துளையில் ஒரு அலகு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கருப்பிக்குக் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் அடைகாத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஒரு மேடம் நாற்காலி மேல் ஏறிவிட்டார். குழந்தைகள் மேஜையைச் சூழ்ந்துகொண்டன. என் கண்ணுக்கு இருபது கோழிகளும் சட்டிக்குள் கொதிப்பது தெரிந்தது.

"ரூட் காஸ் என்னம்மா?" என்றார் சார்.

பழக்க தோஷம், கம்பெனியில் ரிஜெக்ட் ஆன பீஸுக்கு விசாரணை நடப்பதுபோல விறைப்பாக நின்றுகொண்டு, "நான்தான் சார்" என்றேன்.

"கரெக்டிவ் ஆக்‌ஷன்?"

"இனிமே சூடா இருக்கிற முட்டையைத் தொட மாட்டேன் சார்."

ஹாலே சிரித்தது. நான் ஹாட்பேக்கை அணைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நகர்ந்தேன். அப்போது பின்வரிசையிலிருந்து முத்துலட்சுமி அக்கா எழுந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வீட்டுக்காரருக்கு இங்கே கம்பெனி வேலை.

"சார், அசல்னு எப்படி நம்புறதுன்னு கேட்டியளாம்லா? சேவலே இல்லாத பண்ணையில போட்ட முட்டைய டீத்தண்ணியில முக்கி வருசம் பூரா அடை வச்சாலும் கூமுட்டையாத்தான போவும். இதுக்கு மேல அந்தப் பிள்ள என்னத்தக் காட்டணும்?"

சார் தன் உள்ளங்கையைப் பார்த்தார். அதில் ஓடு இரண்டாகப் பிளந்து குஞ்சு வெளியே வந்துகொண்டிருந்தது. பிறகு, "ஒத்துக்கிறேன்" என்றார்.

பையில் இருந்த நாலு முட்டையும் ஆம்லெட் ஆகி, கட்டை விரல் அளவுத் துண்டுகளாகி, தட்டு காலியானது. நாற்காலி மேல் ஏறிய மேடம் மட்டும் இந்த ஜென்மத்தில் முட்டையே வேண்டாம் என்றார். மற்றபடி எங்கள் கோழிகளால் போட முடியாத அளவுக்கு ஆர்டர். லிஃப்ட் ரிப்பேர் பற்றிய பேச்சு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிற்று. செயலாளர் கையில் குஞ்சு ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதை யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

நான் அதைக் கெஞ்சி வாங்கி, கீச்கீச்சென்று கத்தும் ஹாட்பேக்கோடு வீடு வந்தபோது கருப்பி பேலட்டைச் சுற்றிச் சுற்றிக் கதறிக்கொண்டிருந்தாள். அதற்குள் பொரிந்திருந்த குஞ்சுகளையும் மிச்ச முட்டைகளையும் அவளிடம் ஒப்படைத்து மன்னிப்புக் கேட்டேன். ஒரு கொத்து கொத்திவிட்டு ஏற்றுக்கொண்டாள். அத்தை விஷயத்தைக் கேட்டு, சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் நாத்தனார் போன் செய்து, எத்தனை கோழி கிடைக்கும் என்று கேட்டார்.

"கறிக்கடையில சொல்லிக்கம்மே. எங்க கோழிக்கு ஆர்டரு கீது" என்றார் அத்தை. எங்க கோழி! அதுவரை அவர் வாயில் 'உன் சனியன்' என்றுதான் வரும். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது கோழிகள் இரண்டு மடங்கு. காதுகுத்துக்கு ஹாட்பேக்கில் இட்லி கொண்டுபோனபோது நாத்தனார் மூடியில் காது வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திறந்தார். இன்றும் எங்கள் சொந்தத்தில் எல்லாரும் அப்படித்தான் திறக்கிறார்கள். ராகவன் சார் அவர்களுக்கும் மேல். ஒவ்வொரு ஞாயிறும் அட்டையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். "ம், பாஸ்" என்று சொல்லித் திருப்பி வைப்பார். அப்படி வைக்கும்போது அவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரியும்.