நரி முகத்துல முழிக்கப் போன கதை

ஒரு நரியை போட்டோ எடுக்கணும். அவ்வளவுதான் வேலை.

மும்பை தாராவியில எங்க அக்கா வீட்டுக்காரரு, அத்தான், லெதர் பேக் கடை திறக்காரு. மறுநாள் பூஜை. "மாப்ள, தெனம் ஷட்டரைத் தூக்குனதும் நரி முகத்துல முழிக்கணும்லே. வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகும். நீதான் போட்டோகிராபராச்சே, ஒரு படம் எடுத்துட்டு வா!"

மக்களே, நான் கல்யாண போட்டோகிராபர். இதுவரை எடுத்த ஒரே மிருகம் குதிரை. அதுலயும் மாப்பிள்ளை உக்காந்திருந்தாரு.

சொல்லித் தொலைச்சிருக்கலாம். அக்கா முன்னாடி கெத்தை விடமுடியுமா? "பெரிய ஃப்ரேமா போட்டுத் தாரேன் அத்தான்"னுட்டேன்.

நெருள் பக்கம் சதுப்புக்காட்டுல நரி திரியுதுன்னு கேள்வி. விடியக்காலம் ட்ரெய்ன் ஏறிட்டேன். டிசம்பர் குளிரு, தலையில மங்கி குல்லாய். கையில இருந்தது வைடு ஆங்கிள் லென்ஸ். மேடையில மொத்த சொந்தபந்தமும் ஏறினாலும் அடக்கிரும். ஆனா நரியை எடுக்கணும்னா மூஞ்சிக்குப் பக்கத்துல போகணும். தள்ளி நின்னா கடுகு மாதிரிதான் விழும்.

அங்க ஒரு வாட்ச்மேன். நரிக்கு ஹிந்தில என்னன்னு வாயில வரல. சிங்கம் வருது, யானை வருது, இந்தப் பாழாப்போன நரி மட்டும் வரமாட்டேங்கு!

சமாளிச்சேன். "பையா, இதர் நரி மிலேகா?" இங்க நரி கிடைக்குமான்னு கேட்டேன்.

அந்தாளு காதுல 'நாரி'ன்னு விழுந்திருக்கு. ஹிந்தில நாரின்னா பொம்பளை!

"ஷரம் நஹி ஆத்தி? சுபே சுபே நாரி சாஹியே?" வெக்கமா இல்லையா, காலங்காத்தால பொம்பளை கேக்குதான்னு தடியைத் தூக்கிட்டான்.

"நஹி நஹி! சார் பைர் வாலா! பூஞ்ச் பீ ஹை!" நாலு கால், வாலும் உண்டுன்னேன். அவன் மொகம் இன்னும் மோசமாப் போச்சு.

வேற வழி? நடுரோட்டுல நின்னு "ஊஊஊ"ன்னு ஊளையிட்டுக் காட்டினேன்.

"அரே, கோல்ஹா!"ன்னு மராத்தில நரி பேரைச் சொல்லிச் சிரிச்சு வழிகாட்டினான்.

கேமராவைத் தரையில வச்சு, தானா எடுக்குத மாதிரி செட் பண்ணிட்டு, எதிர்ப் புதருக்குப் பின்னால படுத்துக்கிட்டேன். ஒண்ணும் வரல. திடீர்னு கழுத்துல சூடா மூச்சு. வாட்ச்மேனாக்கும்னு திரும்புதேன், நரி! என் குல்லாயை மோந்துக்கிட்டு நிக்கு!

"எம்மா!"ன்னு எந்திச்சு ஓடினேன். எங்க? நேரா கேமராவைப் பாத்து. சேறு வழுக்கி லென்ஸ் முன்னாலயே குப்புற விழுந்தேன். கேமரா அதை மட்டும் கடமையா எடுத்துட்டு, என்னோட சேந்து சேத்துல சாஞ்சு உயிரை விட்டுட்டு.

மெமரி கார்டுல தப்பிச்ச அந்த ஒரே படத்தை பிரிண்ட் போட்டு அத்தான் கையில குடுத்தேன். படத்துல முழுக்க நான். வாய் திறந்து கிடக்கு. மூக்கு பூசணிக்காய் சைஸ். மூலையில ஒரு புள்ளி.

"நரி எங்கலே?"ன்னாரு அத்தான்.

"அந்தா, உங்க கட்டைவிரலுக்குக் கீழ."

அக்கா சிரிச்சுச் சிரிச்சு தரையில உக்காந்துட்டா. எனக்கு மானமே போச்சு. பூஜைக்கு நேரமாச்சு, வேற படம் இல்ல. அத்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு அதையே மாட்டினாரு.

முதல் நாளே கூட்டம்! படத்தைப் பாத்துச் சிரிக்க வந்தவன்லாம் பேக் வாங்கிட்டுப் போறான். சாயங்காலம் அத்தான் கழுதைப் படத்துக்கு அடியில போடுத வரியை எழுதி எனக்குக் கீழ ஒட்டிட்டாரு: 'என்னைப் பார் யோகம் வரும்.'

நரி தப்பிச்சுட்டு. நான்தான் மாட்டிக்கிட்டேன், ஆணியில.