மூன்றாவது நிமிடம்

பதிவை நான்காவது முறை ஓடவிட்டபோதும் அந்தச் சத்தம் போகவில்லை. மூன்றாவது நிமிடத்தில், மண்டபத்து ஆர்கன் குழைந்து இறங்கி ஓசையே இல்லாமல் ஆகிற இடத்தில், பின்னாலிருந்து யாரோ சீட்டியடிப்பது போல ஒரு கீச்சு. வாசிக்கும் இடத்தில் துருத்தி போடும் இரைச்சலில் இது கேட்டதே இல்லை. கடைசி வரிசையில் ஒலிவாங்கியை வைத்துப் பதிந்ததில் மாட்டிக்கொண்டது.

ஆர்கன் காப்பாளர் ஐந்தாவது முறையும் ஓடவிட்டார். இருநூறு வருடத்துக் கருவி. ஆயிரத்து நூறு குழாய்கள். பத்தொன்பது வருடமாக ஒவ்வொன்றையும் அளந்து, துடைத்து, பட்டியல் போட்டு, ஐம்பது பக்கம் ஆய்வுக்கட்டுரை எழுதி, இந்தப் பதிவையும் சேர்த்து, பழைய ஆர்கன்களை மதிப்பிடும் நிபுணர் அம்மாவுக்கு அனுப்பியிருந்தார். பதில் காலையில்தான் வந்தது. 'பதிவைக் கேட்டேன். வியாழக்கிழமை நேரில் வருகிறேன்.'

அந்த அம்மா ஒரு கையெழுத்துப் போட்டால் ஆர்கன் பிழைக்கும். இல்லையென்றால் மண்டப நிர்வாகம் அதைப் பிரித்து அள்ளிவிட்டு அங்கே ஒரு பெரிய திரையை மாட்டும். காப்பாளரையும் சேர்த்துத்தான் அள்ளும்.

"இதைக் கொஞ்சம் கேளு" என்று மனைவியிடம் ஹெட்போனை நீட்டினார்.

அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டுத்தான் வாங்கினாள். "ஏதோ கீச்சுங்குது. நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இருக்கா? எங்கயோ காத்து ஒழுகுது. அதுக்கு மூச்சு இரைக்குது."

"மாடிப்படி ஏறினா எனக்கு இரைக்குதுன்னு மூணு மாசமாச் சொல்றேன். அது உங்க காதுல விழலை. மரப்பெட்டிக்கு இரைச்சா விழுது."

"வியாழக்கிழமை முடியட்டும், டாக்டரைப் பார்க்கலாம்."

"எனக்கா, பெட்டிக்கா?"

திங்கட்கிழமை அவர் ஆர்கனின் பின்கதவைத் திறந்து தவழ்ந்து போனார். கடைசி மூலையில், பெரிய குழாய்களுக்குப் பின்னால், ஒரு தகரக் கிண்ணம் இருந்தது. அதில் தண்ணீர். மேலேயிருந்து ஒரு சன்னமான குழாய் இறங்கி, நுனியில் விரல் நீளத்தில் இரண்டு குழல்களாகப் பிரிந்து, தலைகீழாகத் தண்ணீரில் முங்கிக் கிடந்தது.

இது எதுவும் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாதது ஆர்கனில் இருக்க முடியாது என்பது அவர் கொள்கை, ஏனென்றால் பட்டியல் அவர் போட்டது. முன்பு இருந்த எவனோ கூரை ஒழுகலுக்குக் கிண்ணம் வைத்து, காற்று ஒழுகலுக்கு ஓட்டைக் குழாய் வைத்து, ஒப்பேற்றிவிட்டுப் போயிருக்கிறான். மரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர். கிண்ணத்தைக் கவிழ்த்தார்.

வந்து வாசித்தார். கீச்சு போய்விட்டது. அந்த இடத்தில் குக்கர் விசில் மாதிரி ஒன்று கிளம்பியது. குக்கராவது நிறுத்தி நிறுத்தி அடிக்கும்.

செவ்வாய்க்கிழமை இரண்டு குழல்களிலும் பஞ்சை அடைத்தார். விசில் அடங்கி, கதவுக்கு வெளியே விடப்பட்ட நாய்க்குட்டி போல முனக ஆரம்பித்தது. குறடு போட்டு இரண்டையும் பிடுங்கினார். வந்த வேகத்தில் மேல்குழாயும் கூடவே வந்தது. அது செருகியிருந்த ஓட்டை வழியாகக் காற்று புஸ்ஸென்று வெளியேற, அடிக்குரல் குழாய்கள் பாதிக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது.

புதன்கிழமை காலை மரத்தில் ஓர் ஆப்பு செதுக்கி ஓட்டையில் வைத்து அடித்தார். முதல் அடி. இரண்டாவது அடி. மூன்றாவது அடியில், இருநூறு வருடம் எதற்கும் அசையாத பலகை ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விட்டது.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கையைப் பலகை மேலேயே வைத்திருந்தார், அடிபட்ட மாட்டைத் தடவுவது போல.

"குப்பை வண்டி வந்திருக்கு சார். ஏதாவது இருக்கா?" மண்டபத்தைக் கூட்டும் அக்கா வாளியோடு பின்கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

கிண்ணத்தையும் குழல்களையும் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். "இதைப் போட்டுடுங்க. வாளியோட இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நாளைக்கு இங்க ஒரு சின்ன வேலை இருக்கு சார்."

"நாளைக்கு ஒரு வேலையும் வேண்டாம்."

சாயங்காலம் வரை தோலும் பசையும் வைத்து விரிசலை ஒட்டினார். வீட்டிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. பசைக்கையோடு எடுக்க முடியவில்லை.

வியாழக்கிழமை நிபுணர் அம்மா வந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். காப்பாளர் வாசித்தார். அடிக்குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல வந்தது, ஆனாலும் ஒட்டு நின்றது. மூன்றாவது நிமிடத்தில் மண்டபமே சுத்தமாக, துடைத்துவிட்டது போல அமைதியாக இருந்தது. அவர் தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார்.

"மூணாவது நிமிஷத்தை இன்னொரு தடவை வாசிங்க."

வாசித்தார்.

"இன்னொரு தடவை."

வாசித்துவிட்டுத் திரும்பினார். "பதிவுல ஒரு சின்னக் குறை இருந்தது மேடம். நீங்க கவனிச்சிருப்பீங்க."

"குறையா?" அந்த அம்மா சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். "உண்மையைச் சொல்றேன், உங்க கட்டுரையை நான் இன்னும் புரட்டவே இல்லை. அந்தக் குருவிக்காகத்தான் ஓடி வந்தேன். அந்தக் காலத்து ஆளுங்க ஒரு கிண்ணத்துல தண்ணி வச்சு, ரெண்டு சின்னக் குழலைத் தலைகீழா முக்கி வைப்பாங்க. அது வழியா காத்து போனா குருவி மாதிரி பாடும். நான் பார்த்த நாற்பது ஆர்கன்ல ஒண்ணுலகூட இப்ப அது பாடறதில்லை. தண்ணி ஒரு வாரத்துல வத்திடும், யாரும் ஊத்தறதில்லை, அவ்வளவுதான் காரணம். நீங்க பத்தொன்பது வருஷமா வத்த விடாம வச்சிருக்கீங்க. பாதுகாக்கறதுன்னா இதுதான்னு அறிக்கையில முதல் வரியா எழுதப்போறேன். இன்னைக்கு ஏன் அதைப் பாட விடலை? சரி, எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணி ஊத்துவீங்க?"

காப்பாளருக்குப் பின்னால், ஒட்டுப் போட்ட இடத்தில் காற்று மெல்ல ஒழுகத் தொடங்கியது.

கதவோரம் செம்பில் தண்ணீரோடு நின்றிருந்த கூட்டும் அக்காதான் பதில் சொன்னாள்.

"வாராவாரம் வியாழக்கிழமை நான்தாம்மா ஊத்துவேன். அவருக்கு இதெல்லாம் தெரியாது, தெரிஞ்சா உள்ள விடமாட்டார்."