நாற்பதாண்டு வரலாறும் நான் வீடு காலி செய்வதும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே உங்கள் அத்தை சுகம். என்னைப் பற்றிக் கேட்காதீர்கள், நானே சொல்கிறேன்.

உங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்துவிடச் சொல்லிப் போன வருஷம் கூப்பிட்டீர்கள். இந்தக் கட்டடத்தை விட்டு ஒரு அடி நகரமாட்டேன் என்று வீறாப்பாகச் சொன்னேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வாருங்கள்.

நடந்தது இதுதான். எங்கள் நாலு மாடிக் கட்டடத்துக்கு நாற்பது வயது நிறைகிறதாம். சங்கச் செயலாளர் வந்து, "நீங்கதான் சார் வரலாறு எழுதணும், கோர்ட்டுல டைப் அடிச்ச கையாச்சே" என்று ஐஸ் வைத்தார். உச்சி குளிர்ந்துவிட்டது. சாட்சி சொன்னதைச் சொன்னபடி முப்பத்து நாலு வருஷம் அடித்தவனுக்கு வேறு எப்படி எழுத வரும்? வீடு வீடாகப் போய்க் கேட்டேன். தன் வீட்டைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, பக்கத்து வீட்டைப் பற்றித் தேதி முதற்கொண்டு சொன்னார்கள். முதல் மாடித் தையல்காரர் தண்ணீர்க் குழாயைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது, நாலாம் மாடிக் கணக்கு வாத்தியார் லிப்டில் மாட்டிக்கொண்டு அழுதது, மொட்டைமாடியில் காய்ந்த யாரோ ஒருவரின் சட்டையைச் செயலாளர் இரண்டு வருஷம் போட்டுக்கொண்டு திரிந்தது, எல்லாவற்றையும் யார் சொன்னது என்ற விவரத்தோடு பதினெட்டுப் பக்கம் அடித்து, பிழை பார்க்கச் சமையலறையில் உங்கள் அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். எல்லா வீட்டுச் சமையலறை ஜன்னலும் நடுவே காற்றுக்காக விட்ட ஒரே இடைவெளியைப் பார்த்துத் திறப்பது என்பது புத்தியில் உறைக்கவில்லை. கட்டடம் அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை. என் எழுத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிப் பக்கம் முடிந்ததும் மேலிருந்து ஒரு குரல்: "அழுதேன்னு எவன் சொன்னான்? வேர்வை சார் அது!"

கீழிருந்து தையல்காரர், "குழாயை நானா திருப்பினேன்? அது தானா திரும்பிச்சு!"

அப்புறம் ஜன்னலுக்கு ஜன்னல் சண்டை. உங்கள் அத்தை அடுப்பை அணைத்துவிட்டு, "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?" என்றாள்.

மூன்று நாளாக நான் லிப்டில் ஏறினால் மற்றவர்கள் படியில் இறங்குகிறார்கள். இருபத்தெட்டு வருஷம் வாழ்ந்த இடத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கு அழுகையாக வருகிறது. அதை வேர்வை என்று சொல்லமாட்டேன்.

மகளுக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசிகள். எல்லாரும் நீண்ட ஆயுளோடு தனி வீட்டிலேயே இருங்கள்.

இப்படிக்கு,
பெட்டி கட்டிவிட்ட மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும்போது மூன்றாம் மாடி நர்ஸம்மா கதவைத் தட்டினார். யாரோடும் சண்டை சச்சரவு இல்லாதவர். போன வருஷம் கணவர் தவறிவிட்டார். "முழுசாக் கேட்டேன் சார். எங்க வீட்டுக்காரரப் பத்தி ஒரு வரிகூட இல்லையே. சண்டை போடாதவங்க இங்க இருந்ததாவே கணக்கில்லையா? படிக்கட்டுல பல்பு போனா இத்தனை வருஷமா மாத்துனது யாருன்னு நெனச்சீங்க?"

ஒரு வருஷமாகப் படிக்கட்டு இருட்டாகவே கிடக்கிறது, மாப்பிள்ளை. நான் சங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் பக்கத்திலிருந்து திரும்ப அடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டாம். நாலு பல்பு மட்டும் வாங்கி வாருங்கள்.